ஞாயிறு பத்து மணி

2024 மார்ச் 24, ஞாயிறு, தங்கச்சிமடம்

குருத்தோலைப் பவனி முடிந்து வீட்டுக்கு வந்ததும், மகனை வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடக்கச் சொன்னேன். பாதத்தில் வளைவு இருந்தால் தடம் நடுவில் சிறுத்துப் பதியும். தட்டைப் பாதம் என்றால் செங்கல் வைத்ததுபோல முழுதாகப் பதியும். பிள்ளைகளைப் படைக்குத் தயார் செய்யும் சைனிக் பள்ளியின் மருத்துவப் பரிசோதனையில் இதையும் பார்ப்பார்கள் என்று பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் சொல்லியிருந்தார். தடம் காய்வதற்குள் குனிந்து பார்த்தேன். வளைவு இருக்கிறது. பாப்பாவும் தன் காலை நனைத்து அண்ணன் தடத்துக்குப் பக்கத்தில் பதித்துவிட்டு, "எனக்கும் பாருங்கள்" என்றாள். அவளுக்கும் இருக்கிறது.

அங்கன்வாடியில் மாதம் தவறாமல் ஊர்ப் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் பதிவேட்டில் எழுதுகிறவள் நான். இவனைக் கடைசியாக எப்போது அளந்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

அமராவதி நகர் சைனிக் பள்ளிக்கான எழுத்துத் தேர்வு ஜனவரி 28-இல் நடந்தது. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு 400 மதிப்பெண், அதில் கணக்குக்கு மட்டும் 200. மூன்று மணி நேரம். வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். ஆறாம் வகுப்புக்கு என்றால் தமிழிலேயே எழுதியிருக்கலாம். பள்ளி என்னவோ 1962-இலிருந்து இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியவே இத்தனை ஆண்டு ஆகிவிட்டது. நடுவில் ஒரு பயிற்சி மையத்துக்கு மூன்று மாதம் பணம் கட்டினோம். அவர்கள் தந்ததெல்லாம் பழைய வினாத்தாள்களின் மங்கிய நகல்கள். கணக்கை இவனே உட்கார்ந்து போட்டுப் பழகிக்கொண்டான்.

யாரிடம் சொன்னாலும் "அடுத்த கலாம்" என்கிறார்கள். இந்த ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு வேறு உவமை கிடையாது. விமானப் படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து கலாம் திரும்பிய கதையை மட்டும் எவரும் எடுப்பதில்லை. இவனுக்கு ஆசை வந்தது கலாமால் அல்ல. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் 2009-இல் வந்தது, இவன் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தான். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போனால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடி வளர்ந்த பிள்ளை.

2024 ஏப்ரல் 20, சனி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஆறு நாள் ஆகிறது. 61 நாளும் விசைப்படகுகள் நங்கூரத்தில்தான். இவர் வீட்டில் இருப்பதால் ராணுவ மருத்துவமனைக்கு இவரே மகனைக் கூட்டிப் போய் வந்தார். வலது காதில் அழுக்கு இறுகி அடைத்திருக்கிறது, செவிப்பறை தெரியவில்லை, சுத்தம் செய்துகொண்டு மறுபரிசோதனைக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாலத்தடியில் முங்கிக் கிடந்த காது, வேறு எப்படி இருக்கும்? இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இவர் வந்ததிலிருந்து பேசிக்கொண்டிருப்பது மகனின் காதைப் பற்றி அல்ல. அங்கே வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமுதிப் பக்கத்து மிளகாய் விவசாயி ஒருவரைப் பற்றி. அவருடைய பையனிடம் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டப் புரட்ட, பையன் "ஒன்றும் இல்லை", "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறான். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண். பதினான்கு வயது வரைக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளியே வந்த தகப்பன் சேர்க்கை போனதற்காக வருந்தவில்லையாம். "பழம் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்துவிடுவான் அண்ணே. கவனம் இல்லை என்று தோட்டத்தில் வைத்து எத்தனை முறை அடித்திருக்கிறேன்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பையனுக்குச் சாலையோரக் கடையில் இரண்டு பரோட்டாவும் ஆம்லெட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றும் சாப்பிடாமல் அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

2024 ஜூன் 16, ஞாயிறு

காது சரியாகிவிட்டது, இடமும் கிடைத்துவிட்டது. நேற்றுத் தடை முடிந்து படகுகள் கிளம்பிவிட்டன. நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கொண்டுபோகும் துணி ஒவ்வொன்றிலும் அவனுடைய எண் இருக்க வேண்டும். பனியன், ஜட்டி, துண்டு, போர்வை, கைக்குட்டை, ஒவ்வொரு ஜோடிக் காலுறையிலும் இரண்டிலும். மையால் எழுதலாம் என்கிறார்கள். சலவைக்குப் போனால் மை எத்தனை நாள் நிற்கும்? சிவப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டேன். நேர்கோடு மட்டும் உள்ள எண் என்றால் சுலபம். அவனுக்கு வாய்த்திருக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு எட்டு இருக்கிறது. காலுறையின் இழுபடும் நூலில் எட்டு போடுவதைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை வேறில்லை. மேல்வட்டம் சுருங்கினால் ஆறாகிவிடுகிறது. பதினோராவது காலுறையில் ஊசி என் கட்டைவிரலில் ஏறியது.

மாமியார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். ஐம்பது ஆண்டு வலை முடிந்த விரல்கள், கண்ணாடி இல்லாமல் எட்டைப் போட்டு முடித்தார். பிறகு துணியை மடியில் வைத்துக்கொண்டு, "படகுக்கு எண் போடுகிற மாதிரி பிள்ளைக்கும் போட்டாயிற்றா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கடலில் படகு பிடிபட்டதாகச் செய்தி வருகிற இரவுகளில், ஆள் பெயர் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிய வருவது படகின் எண்தான். அதைக் காதில் வாங்கித்தான் இந்தத் தெருவில் ஒரு வீட்டில் அழுகையும் மறு வீட்டில் பெருமூச்சும் எழும்.

கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகை உண்டு, அதற்கு வருமானச் சான்று வேண்டும். பங்குக்குக் கடலுக்குப் போகிறவரின் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் கடலைத்தான் கேட்க வேண்டும். உதவித்தொகை கைக்கு வரும்வரை என் இரண்டு வளையல்களும் கூட்டுறவு வங்கியில் இருக்கும்.

2024 ஜூன் 28, வெள்ளி, இரவு, பழனி பஸ் நிலையம்

விட்டுவிட்டோம்.

பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாததால் எல்லாமே பஸ்தான். மாட்டுத்தாவணியில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு நகரப் பேருந்தில் ஆரப்பாளையம். அங்கிருந்து ஒட்டன்சத்திரம், பழனி வழியாக உடுமலைப்பேட்டை. பெட்டிக்கும் டிக்கெட் போட்டார்கள். உடுமலையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற சாலையில் தென்னந்தோப்புகளும், அவற்றுக்குப் பின்னால் மலையும். இவ்வளவு பக்கத்தில் மலையை அவன் பார்த்ததில்லை, நானும்தான். அணைக்கட்டில் முதலைப் பண்ணை இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதும், இவர் "நல்ல இடமாகத்தான் பார்த்து விடுகிறோம்" என்றார்.

கையெழுத்துகள் எல்லாம் முடிந்தபின், தங்கும் விடுதிக்குப் பெட்டியைத் தூக்கிப் போக இன்னொரு பையன் வந்தான். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி கனம், வேகமாகப் போய்விட்டார்கள், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "பெட்டி இழுக்கிற இழுப்பில் எப்படித் திரும்புவான்? தனியாகப் போயிருந்தால் பார்த்திருப்பான்" என்று இவர் மடத்துக்குளம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு அவரே சொல்லிக்கொண்டது. காலையில் என்னைத் தேற்றுவதற்காக நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தவர் இவர்.

நாளை சனிக்கிழமை, கடலுக்குப் போகும் நாள். விடிவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும்.

2024 ஜூலை 7, ஞாயிறு

முதல் அழைப்பு. ஞாயிறு காலை பத்து மணிவாக்கில் பேசுகிறான். ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். சனி போனவர்கள் ஞாயிறு காலையில் கரை வந்துவிடுவார்கள், அதனால் இவரும் வீட்டில் இருந்தார். மொத்தமே மூன்று நிமிடம். சாப்பிட்டேன், தூங்கினேன், நன்றாக இருக்கிறேன். கேட்காமலே மூன்றும் வந்துவிட்டன. மிச்ச நேரத்தில் இரண்டு நிமிடத்தை இவர் இறால் விலைக்குச் செலவழித்தார்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடிதம் வந்திருக்கிறது. விடிகாலை ஓட்டத்தில் முதல் பத்துப் பேருக்குள் வருகிறானாம். மணலில் ஓடிய கால்களுக்குத் தரையில் ஓடுவது காற்றில் மிதப்பதுபோல் இருக்கிறதாம். நீச்சல்தான் தகராறு. இவன் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துகிறான் என்று திருத்துகிறார்களாம். கடலில் தலையைத் தூக்காமல் நீந்தினால் அலை எங்கே வருகிறது, படகு எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? குளத்தில் இரண்டும் இல்லை. பத்து ஆண்டுப் பழக்கத்தை மறந்தால்தான் வேகம் வரும் என்கிறார்களாம். இதைப் படித்ததும் இவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை அடித்திருந்தான். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். "பாப்பாவிடம் என் சைக்கிளை" என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்கு மேல் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. பாப்பா அந்தச் சைக்கிளை ஜூலை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

2024 நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தவன் இன்று காலை கிளம்பினான். படுக்கையை மடித்து நான்கு முனையும் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிறான். தட்டில் ஊழிமீன் குழம்பு ஊற்றியபோது மட்டும் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் அள்ளினான். தகப்பனுக்கு ஒரு முறை "யெஸ் சார்" என்று பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இவர் இரண்டு நாளாக யார் கூப்பிட்டாலும் "யெஸ் சார்" என்கிறார்.

ஒரு மாலையில் என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமியைப் பற்றி விளக்கினான். பன்னிரண்டாம் வகுப்பில் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் ஐந்து நாள் நேர்முகம், பிறகு மறுபடியும் மருத்துவப் பரிசோதனை, அப்புறம்தான் புனே பக்கத்தில் கடக்வாஸ்லா. எல்லாருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் அவனே சொன்னான். "கிடைக்காவிட்டால்?" என்றேன். "ஒட்டன்சத்திரம் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் அம்மாவும் இதையேதான் கேட்கிறார்களாம்" என்றான். இது பதிலா என்று தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்கும் 2021-இலிருந்து எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் சேர்க்கை உண்டு என்று அண்ணன் சொன்னதைப் பாப்பா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதுதான். ஒருவன் போனது போதும் என்று என் வாய்வரை வந்தது. பையனை அனுப்பியவளுக்கு அதைச் சொல்ல வாயில்லை.

2024 நவம்பர் 21, வியாழன்

நேற்று இரவு எழுத முடியவில்லை, எழுத வெளிச்சமும் இல்லை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கேயும் முழங்காலளவு தண்ணீர். மாமியாரைக் கட்டிலோடு தூக்கி உயரத்தில் வைத்தோம். அங்கன்வாடியின் அடித்தட்டில் இருந்த பழைய எடைப் பதிவேடுகள் ஊறிப் போய்விட்டன. கரண்டு இல்லை, கைபேசி அணைந்து கிடக்கிறது.

2024 நவம்பர் 24, ஞாயிறு

பத்து மணிக்கு முன்பே கூப்பிட்டுவிட்டான். எடுத்ததும், "அம்மா, அப்பா எங்கே?" என்றான். குரல் எப்போதும்போல இல்லை.

வியாழக்கிழமை நூலகத்தில் நாளிதழைப் பார்த்திருக்கிறான். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், வரிசையாக மழையளவு. ஆசிரியரிடம் அனுமதி வாங்கி அன்று மாலையே என் எண்ணுக்குப் போட்டிருக்கிறான், அணைந்திருந்தது. வெள்ளியும் போட்டிருக்கிறான். நேற்று நான் கைபேசிக்கு மின்னேற்றி முடித்த நேரத்தில் அவனுக்கு விளையாட்டு வகுப்பு. பாப்பாவைக் கேட்டான், பாட்டியைக் கேட்டான், ஆட்டுக்குட்டியைக்கூடக் கேட்டான். அப்பாவைப் பற்றி மட்டும் நான் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு மறுபடியும் கேட்டான். இவன் எதை நினைத்துக் கேட்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழை பெய்தது புதன்கிழமை. படகு போகும் நாள்.

"எச்சரிக்கை வந்துவிட்டது தம்பி. கடலுக்குப் போக டோக்கனே கொடுக்கவில்லை. அப்பா வீட்டை விட்டு நகரவில்லை" என்றேன்.

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அடுத்த பையன் காத்திருக்கிறான் என்று வைத்துவிட்டான். இவர் போனுக்காகக் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.

2024 நவம்பர் 25, திங்கள்

தபால் அட்டை இன்னும் 50 காசுதான். பத்து வாங்கினேன். அஞ்சலகத்தில் இருந்த தங்கை, "யாருக்கு அக்கா இத்தனை?" என்றாள். முதல் அட்டையை அங்கேயே நின்று எழுதிப் பெட்டியில் போட்டேன். விலாசத்துக்கு மேலே அவனுடைய எண்ணை எழுதினேன், எட்டு ஒழுங்காக வந்தது. விஷயம் ஒரே வரி: இன்று திங்கள்கிழமை, அப்பா வீட்டில் இருக்கிறார்.