கல்லுகுடிக்கு என்ன ஆதாரம்?

நாங்கள் சோளகர் பழங்குடி. சத்தியமங்கலம் மலையில் இருக்கிறது எங்கள் ஊர். காட்டுக்குள் குலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு, அப்பி, கல்லுகுடி என்று எங்களுக்கான இடங்கள் இருக்கும். தேவரு, மாரம்மா, வீரு எல்லாம் நாங்கள் கும்பிடும் இடங்கள். அப்பி என்றால் ஊற்று. கல்லுகுடி, இறந்தவர்களுக்குக் கல் வைக்கும் இடம். இந்த இடங்களுக்குப் போய்வரும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் வாங்க எங்களுக்கு மூன்றரை வருடம் ஆனது. பக்கத்து ஊர்க்காரர்கள் இப்போது விண்ணப்பிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆனது. அதற்கு அப்புறம் பண்டிகைக்குக் காட்டுக்குள் போகவும் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வருடம் விட்டார்கள், மறு வருடம் பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவின் கல்லுக்குப் பூப்போட இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது. அந்த வருத்தத்தில்தான் இதில் இறங்கினோம்.

முதல் தடை கிராம சபையே. ஊரில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். முதல் தடவை ஆள் சேரவில்லை, ஆண்களில் பாதிப் பேர் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் மறுபடி கூட்டினோம், எல்லோரும் ஊரில் இருந்தார்கள். நீங்களும் அந்த மாதிரி ஒரு நாளைப் பாருங்கள். அன்றைக்கே வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். எழுதப் படிக்கத் தெரிந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

அப்புறம் ஆதாரம் தேடினோம். விதிப்படி குறைந்தது இரண்டு வேண்டும். பட்டா, ரசீது மட்டும்தான் ஆதாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புனித மரம், சோலை, குளம், இடுகாடு எல்லாமே ஆதாரம். விண்ணப்பிக்காத பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்.

கல்லுகுடியைத் தேடி அஜ்ஜியோடு ஏழு பேர் போனோம். பாட்டியை நாங்கள் அஜ்ஜி என்போம். அஜ்ஜிக்கு வயது எழுபதுக்கு மேல். வழி முழுக்க உண்ணிச்செடி, ஆள் உயரத்துக்கு. முன்பெல்லாம் வருடா வருடம் தரகு பெங்கி போடுவார்கள், அதாவது காய்ந்த சருகுக்கு வைக்கும் சின்னத் தீ. அதைத் தடுத்த பிறகுதான் உண்ணி இப்படி அடைத்துக்கொண்டது என்று அஜ்ஜி சொல்லிக்கொண்டே வந்தார். அரிவாளால் வெட்டி வெட்டி அரை நாள் நடந்தோம். கற்கள் அப்படியே இருந்தன, சில சாய்ந்திருந்தன. ஒரு கல்லைத் தொட்டு, "இது எங்கம்மா" என்றார். நான் பார்த்ததே இல்லாத கொள்ளுப்பாட்டி. ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்திருந்த தம்பி அதைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

இன்னும் ஓர் இடம் இருந்தது. அதை வரைபடத்தில் போடக் கூடாது என்று அஜ்ஜி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியாருக்குக் காட்டாத இடம் அது. குழுவில் பெரிய வாக்குவாதம். பதியாவிட்டால் நாளைக்குக் கேட்க முடியாது என்றேன் நான். "தெரிஞ்சவங்க இருக்கிற வரைக்கும் அது இருக்கும், காகிதத்துல எதுக்கு?" என்றார் அஜ்ஜி. கடைசியில் பக்கத்து ஓடையைக் குறித்து, ஓடைக்குப் போய்வரும் உரிமை என்று மட்டும் எழுதினோம். அன்றைக்கு எனக்குக் கோபம்தான். இப்போது அஜ்ஜி சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். எதைக் காட்டுவது என்பதையும் நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஊரில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஊருக்குப் பொதுவான சமூக உரிமை கேட்கும் படிவம் பி, வரைபடம், கிராம சபைத் தீர்மானம் எல்லாம் வைத்து அனுப்பினோம். ஏழு மாதம் கழித்து "ஆவண ஆதாரம் இல்லை" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. கல்லுகுடிக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? எழுத்தில் இல்லாதது இல்லவே இல்லை என்ற இந்த எண்ணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், பிலிகிரிரங்கன மலையில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 2011இலேயே அங்கே 25 சோளகர் கிராம சபைகள் சமூக உரிமை வாங்கிவிட்டன, அதுவும் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே. தமிழ்நாட்டில் 2008இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் உரிமை ஆவணம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது, 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஒரே மக்கள், ஒரே மாரம்மா, நடுவில் ஒரு மாநில எல்லை. மாமா ஒருவர் அவர்களுடைய உரிமை ஆவணத்தின் நகலை அனுப்பினார். அதோடு இன்னும் இரண்டை இணைத்தோம். குறிப்பிட்ட ஒரு வகை ஆவணத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தக் கூடாது என்ற 2012 திருத்த விதி ஒன்று. நியாம்கிரி வழக்கில் 2013இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொன்று. ஒடிசாவில் டோங்ரியா கோந்து மக்களின் நியாம் ராஜா குடியிருக்கும் மலை அது. பாக்சைட் தோண்டுவதால் அவர்கள் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபையே பார்க்கட்டும் என்றது நீதிமன்றம். 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. மூன்று பெரியவர்களின் வாக்குமூலத்தையும் புதிதாக எழுதி, கைரேகை வாங்கி அனுப்பினோம்.

இரண்டாம் முறை அனுப்பிய பிறகு நேரில் பார்க்க வந்தார்கள். வந்த அதிகாரி ஒருவர் கல்லுகுடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார், யாரும் சொல்லவில்லை. அஜ்ஜி அவருக்கு ஒவ்வொரு கல்லாகப் பெயர் சொன்னார். கூடவே வந்த இன்னொருவர், "எத்தனை வருஷம் பழசு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கல் வைத்து நான்கு வருடம்தான் ஆகிறது, அது எங்கள் பெரியப்பா என்றேன்.

அதற்கு அடுத்த மார்ச்சில் மாவட்டக் குழு ஒப்புதல் தந்தது. தேன், நெல்லி, வழிபாடு, கல்லுகுடி, ஓடை எல்லாம் அதில் இருக்கிறது. நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பண்டிகைக்குப் போகும்போது ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

காட்டைப் பராமரிக்கும் உரிமை தனி, அதற்குப் படிவம் சி. அதையும் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. அது வந்தால்தான் தரகு பெங்கி பற்றிப் பேசவே முடியும். போன மாதம் போனபோது கல்லுகுடி வழியில் உண்ணிச்செடி மறுபடி இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது.