ஃபேக்டர் போட்டும் நிற்காத ரத்தம்

ரத்த உறைதல் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு நோயாளியைவிட நீல மூடி ட்யூபும் அதோடு வரும் சீட்டும்தான் பழக்கம். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் என்ற புரதம் குறைவாக இருப்பதுதான் ஹீமோபீலியா; அந்த ஃபேக்டரையே ஊசியாக ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட நோயாளியின் சீட்டில் "ஃபேக்டர் போட்டும் நிற்கவில்லை" என்று எழுதியிருந்தால், மற்றதை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன்.

பெரும்பாலும் அதை முதலில் கவனித்தது அம்மாவாகத்தான் இருக்கும். ஒரு பையனின் அம்மா ரத்தம் எடுக்கும் இடத்தில் சொன்னார்: "முன்னெல்லாம் ஊசி போட்டா சாயங்காலத்துக்குள்ள முட்டி வலி அடங்கிடும் சார். இப்ப ரெண்டு நாளாச்சு, வீக்கம் அப்படியே இருக்கு." ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் தடுக்கும் இன்ஹிபிட்டரின் அறிகுறியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அம்மாக்கள் இப்படிச் சொன்னால் நம்ப வேண்டும்.

கடுமையான ஹீமோபீலியா ஏ உள்ள குழந்தைக்கு ஃபேக்டர் எட்டு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் வெளியிலிருந்து ஏற்றும்போது, அந்தப் புரதத்தை உடல் புதிதாகப் பார்த்து அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிவிடலாம். அதுதான் இன்ஹிபிட்டர். இந்தப் பிரிவினரில் நூற்றுக்கு 25 முதல் 30 பேருக்கு இது வருகிறது. ஃபேக்டர் ஏற்றிக்கொண்ட நாட்களை மட்டும் எண்ணினால், பெரும்பாலும் முதல் 50 நாட்களுக்குள். ஃபேக்டர் ஒன்பது குறையும் ஹீமோபீலியா பி-யில் இது அரிது, ஆனால் வந்தால் ஆபத்தான ஒவ்வாமையும் சேர்ந்து வரலாம்.

கண்டுபிடிக்க நோயாளியின் பிளாஸ்மாவையும் நார்மல் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஏபிடிடி சோதனை பார்ப்போம். வெறும் குறைபாடு என்றால் நேரம் சரியாகிவிடும். ஆனால் ஃபேக்டர் எட்டுக்கு எதிரான ஆன்டிபாடி மெதுவாக வேலை செய்வது. கலந்த உடனே பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது போலவே தெரியும். அதே கலவையை 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தால்தான் நேரம் மறுபடி நீளும். பக்கத்திலேயே இரண்டு பிளாஸ்மாவையும் தனித்தனியாக அதே சூட்டில் வைத்து, கடைசியில் கலந்து ஒப்பிடுவோம். ஃபேக்டர் எட்டு சூட்டில் தானாகவே கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை இன்ஹிபிட்டர் என்று நினைத்துவிடக் கூடாது.

சாயங்காலம் ட்யூப் வந்தால் "உடனடி ரிசல்ட் மட்டும் கொடுங்க, போதும்" என்று வார்டிலிருந்து கேட்பார்கள். அவசரம் புரிகிறது. ஆனாலும் இந்த நோயில் அரை ரிசல்ட் கொடுக்காமல் இருப்பதே மேல் என்பேன். ஏனென்றால் அடுத்து, இன்ஹிபிட்டர் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் பெதஸ்டா அளவு பார்த்துத்தான் மருந்தே முடிவாகிறது. 5 யூனிட்டுக்குக் கீழே என்றால் ஃபேக்டரையே கூடுதலாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அது பெரும்பாலும் எடுபடாது; ஃபேக்டர் எட்டு இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் ஃபீபா, ஃபேக்டர் ஏழு-ஏ போன்ற மருந்துகள் என்று மாற்று வழி தேட வேண்டும். அவற்றின் விலையோ ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும்.

இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்காக 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப், அவர்கள் வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. தோலுக்கடியில் போடும் ஊசி. ஃபேக்டர் எட்டின் வேலையை அது செய்கிறது. ஆய்வகத்துக்கு மட்டும் புதுச் சிக்கல். இந்த மருந்து ரத்தத்தில் இருந்தால் ஏபிடிடி நார்மலாகவே வரும், வழக்கமான பெதஸ்டா முறையில் இன்ஹிபிட்டர் இல்லை என்றும் காட்டிவிடும். மாட்டுப் புரதம் சேர்ந்த, நிறமாற்றத்தை வைத்து அளக்கும் குரோமோஜெனிக் முறையில்தான் பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் இதே நிலைதான். அதனால் சீட்டில் "எமிசிசுமாப் போடுகிறாரா, கடைசியாக எப்போது?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அது காலியாக வந்தால், வார்டுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் ட்யூபைத் தொடுகிறோம்.