எனர்ஜி ஆடிட்டர் தேர்வு: ஸ்டோக்கர் பாய்லர் கணக்கில் மதிப்பெண் எங்கே கசிகிறது?

எனர்ஜி ஆடிட்டர் (தொழிற்சாலைகளின் எரிசக்திச் செலவைத் தணிக்கை செய்பவர்) தேர்வு ரிசல்ட் வந்தாயிற்று, தேறியும் ஆயிற்று. இரண்டாம் தாளும் நாலாம் தாளும் எழுதப் போகிறவர்களுக்காக பாய்லர் பகுதியை, அதிலும் ஸ்டோக்கர் பாய்லரை (கரியை இயந்திரமே ஊட்டி, கிரேட் என்ற தட்டின் மேல் எரிக்கும் கொதிகலன்) மட்டும் எழுதுகிறேன். எத்தனை தாள், என்ன சிலபஸ் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கோஜெனரேஷன், ஃபர்னஸ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பாய்லர் கை வந்தால் தெர்மல் தாளில் பாதி பயம் போய்விடும் என்பது என் கட்சி.

முதலில், எல்லோரும் மனப்பாடம் செய்யும் அந்தக் குறுக்கு வழி. உலர்ந்த (நீராவி நீங்கலான) புகைவாயுவின் எடை = ஏஏஎஸ் + 1. ஏஏஎஸ் என்பது ஒரு கிலோ எரிபொருளுக்கு உண்மையில் உள்ளே போகும் காற்றின் எடை. கோச்சிங் நோட்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும். நம் ஊர் நிலக்கரிக்கு இதைப் போட்டால் விடை தள்ளிப்போகும். அந்த "1" என்பது ஒரு கிலோ எரிபொருள் முழுவதும் புகையாகிவிட்டது என்ற அனுமானம். மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகக் கீழே விழும் கரியில் அது எப்படிப் பொருந்தும்?

ஒரு கணக்கு போட்டே பார்க்கலாம். கார்பன் 42, ஹைட்ரஜன் 2.8, ஆக்ஸிஜன் 8, கந்தகம் 0.5, நைட்ரஜன் 1.2, ஈரம் 10, சாம்பல் 35.5 சதவீதம். ஜிசிவி (ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் மொத்த வெப்பம்) 4000 கிலோ கலோரி. புகை 220 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி, புகையில் ஆக்ஸிஜன் 10 சதவீதம்.

தேவையான காற்று: (11.6 × 42) + 34.8 × (2.8 − 8/8) + (4.35 × 0.5), மொத்தத்தை 100-ஆல் வகுத்தால் 5.52 கிலோ. மிகைக்காற்று (தேவைக்கு மேல் போகும் காற்று) 10 ÷ (21 − 10) = 90.9 சதவீதம். ஆக ஏஏஎஸ் 10.54 கிலோ.

குறுக்கு வழியில் புகை 11.54 கிலோ, அது சுமந்து போகும் வெப்ப இழப்பு (எடை × 0.24 × வெப்பநிலை வித்தியாசம் 190 ÷ ஜிசிவி 4000) 13.16 சதவீதம். இப்போது அந்த ஒரு கிலோவிலிருந்து புகையாக மாறாததையும் உலராததையும் கழியுங்கள். சாம்பல் 0.355, ஈரம் 0.10, ஹைட்ரஜன் எரிந்து உண்டான நீர் 9 × 0.028 = 0.252. மிச்சம் 10.83 கிலோ, இழப்பு 12.35 சதவீதம். ஒவ்வொரு வாயுவாகக் கூட்டும் நீண்ட சூத்திரத்தில் போட்டாலும் அதே 10.83 தான் வரும். நேரமும் மிச்சம், விடையும் சரி. அல்டிமேட் அனாலிசிஸ் (மேலே உள்ளதுபோல் கார்பன், ஹைட்ரஜன் முதலியவற்றின் சதவீதம்) முழுவதையும் கேள்வியில் கொடுத்திருந்தால் இந்த வழிதான். கார்பனும் ஜிசிவியும் மட்டும் கொடுத்திருந்தால் ஏஏஎஸ் + 1 போட்டுவிட்டு, அப்படிப் போட்டதாக ஒரு வரி எழுதிவையுங்கள்.

பலர் ஈரத்தைக் கழிக்காமல் விட்டுவிட்டு, அடுத்த வரியில் ஈர இழப்பைத் தனியாகவும் சேர்ப்பார்கள். அதே தண்ணீரின் வெப்பம் இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது, கைடு புத்தகத்தின் அந்தப் பிரபலமான வரி: மிகைக்காற்று 1 சதவீதம் குறைந்தால் எஃபிஷியன்சி சுமார் 0.6 சதவீதம் கூடும். மேலே உள்ள கரியில் ஆக்ஸிஜனை 10-இலிருந்து 7-க்குக் கொண்டுவாருங்கள். மிகைக்காற்று 50 சதவீதம், ஏஏஎஸ் 8.28, உலர் புகை 8.57 கிலோ, இழப்பு 9.77. அதாவது 41 சதவீதம் காற்றைக் குறைத்துக் கிடைத்தது 2.6 சதவீதம். ஒன்றுக்கு 0.06 தான் விழுகிறது. 0.6 என்றால் 24 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். அப்படி ஒரு பாய்லர் பூமியில் கிடையாது. அப்ஜெக்டிவில் வந்தால் புத்தக விடையைக் குறித்துவிட்டுப் போங்கள், வாதாட இடமில்லை. நெடுங்கணக்கில் மறந்தும் அதைப் பயன்படுத்தாதீர்கள். "புகையின் வெப்பநிலை 22 டிகிரி குறைந்தால் 1 சதவீதம் மிச்சம்" என்பதும் அப்படித்தான். இதே கரியில் 50 சதவீத மிகைக்காற்றில் 1.1 வருகிறது, 91-இல் 1.4 ஆகிவிடுகிறது.

இனி ஸ்டோக்கரைச் சரிசெய்வது பற்றிய விளக்கக் கேள்விகள். இங்கே பலரும் "காற்றைக் குறைக்க வேண்டும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கரியைக் கவனிக்காமல் காற்றில் கை வைக்க முடியாது. செயின் கிரேட் (சங்கிலிபோல் நகரும் தட்டு), ஃபோர்ஸ்டு டிராஃப்ட் (விசிறியால் காற்றைத் தள்ளுவது) என்றால் கரி 15 முதல் 25 மி.மீ. இருக்க வேண்டும். ஹாப்பரில் (கரி கொட்டும் தொட்டியில்) ஒரே இடத்தில் கொட்டினால் தூள் நடுவில் தங்கும், கட்டிகள் ஓரத்துக்கு உருளும். காற்று கட்டிகளின் இடுக்கு வழியாகச் சுலபமாகப் போய்விடும். ஓரம் சீக்கிரம் எரிந்து வெறும் சாம்பலாகக் கிடக்க, நடுவில் கறுப்பாகவே நகர்ந்து போகும். அனலைசர் ஆக்ஸிஜன் அதிகம் என்று காட்டும், அதே நேரம் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் காற்றின் அளவில் குறையில்லை, காற்று பரவுவதில்தான் கோளாறு. இந்த ஒரு வரியை எழுதினாலே திருத்துபவருக்குப் புரிந்துவிடும், நீங்கள் கிரேட்டைப் பார்த்தவர் என்று.

தூள் அதிகமென்றால் நனைப்பது வழக்கம். தூள் 10–15 சதவீதமென்றால் மேல்ஈரம் 4–5. 15–20 என்றால் 5–6. 20–25 என்றால் 6–7. 25–30 என்றால் 7–8. இது இலவசமல்ல. மேலே உள்ள கணக்கில் ஒவ்வொரு சதவீத ஈரமும் 0.17 சதவீத எஃபிஷியன்சியைத் தின்னும். ஆனால் தூள் பறப்பதும் கிரேட் இடுக்கில் விழுவதும் அதைவிட அதிகம் தின்றால் நனைப்பதே லாபம்.

கிரேட்டின் முடிவில் நின்று பாருங்கள்:
– சாம்பல் குழிக்குள் சிவந்த கரி விழுகிறது: கிரேட் வேகம் அதிகம், அல்லது பெட் (கிரேட் மேல் உள்ள கரி அடுக்கு) தடிமன் அதிகம்.
– கடைசிப் பகுதி முழுக்க வெறும் சாம்பல்: தீ முன்னாலேயே முடிந்துவிட்டது. பின்பக்க ஸோன் டாம்பரை (அந்தப் பகுதிக்குக் காற்று விடும் தடுப்பை) மூடுங்கள், அல்லது கிரேட் வேகத்தைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த வெற்று இடம் வழியாகக் காற்று சும்மா ஏறும்.
– சுவாலை கண்கூசும் வெள்ளை: காற்று அதிகம். கருஞ்சிவப்பு, நுனியில் புகை: காற்றுக் குறைவு, அல்லது செகண்டரி காற்று (தணலுக்கு மேலே விடும் காற்று) சரியாகக் கலக்கவில்லை.

ஃபர்னஸ் டிராஃப்டை (உள்ளே உள்ள காற்றழுத்தத்தை) ஐடி (புகையை இழுக்கும் விசிறி) டாம்பரில் லேசான நெகட்டிவில் நிறுத்தியபிறகே எஃப்டி (காற்றைத் தள்ளும் விசிறி) பக்கம் போங்கள். நெகட்டிவ் அதிகமானால் கதவு, செங்கல் விரிசல் எல்லாம் காற்றை உறிஞ்சும்.

பென்சில்வேனியாவில் வீட்டு அடித்தளத்தில் ஆந்த்ரசைட் (கடினமான நிலக்கரி வகை) எரிக்கும் சின்ன ஸ்டோக்கர் பாய்லர்களிலும் நியாயம் இதுவேதான். அங்கே 5–8 மி.மீ. "ரைஸ்" கரி. கிரேட்டின் விளிம்பில் ஒரு சாம்பல் பட்டை நிற்கும்படி கரியையும் காற்றையும் அமைப்பார்கள். தணல் விளிம்புவரை வந்தால் எரியாத கரி சாம்பல் தொட்டிக்குப் போகிறது என்று அர்த்தம்.

நாலாம் தாளுக்குப் போகிறவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சாம்பலில் 80 சதவீதம் அடிச்சாம்பல் (குழிக்குள் விழுவது), எரியாமல் மிஞ்சிய கார்பனால் அதன் ஜிசிவி 800 என்றால் இழப்பு 0.284 × 800 ÷ 4000 = 5.68 சதவீதம். காற்றைக் குறைத்ததில் அடிச்சாம்பலின் ஜிசிவி 1200-க்கு ஏறிவிட்டால் 8.52. புகையில் மிச்சப்படுத்திய 2.6 போய் மேலும் கால் சதவீதம் நஷ்டம். "மிகைக்காற்றை 50-ஆகக் குறைத்தால் எவ்வளவு சேமிப்பு" என்று கேட்டால், கணக்கைப் போட்ட பிறகு "அடிச்சாம்பலின் எரியாத கார்பன் மாறவில்லை என்று கொள்ளப்பட்டது" என்று எழுதுங்கள். எழுதாதவர்களும் தேறுகிறார்கள், நீங்கள் எழுதுங்கள்.

மற்றவை, வேகமாக:

ஆக்ஸிஜனை எந்த இடத்தில் அளந்தார்கள் என்று கேள்வியில் தேடுங்கள். ஏர் ப்ரீஹீட்டருக்கு (புகையின் சூட்டில் காற்றைச் சூடாக்கும் கருவி) முன் 6, பின் 9 என்றால் மிகைக்காற்றுக்கு 6-ஐ எடுக்க வேண்டும். 9 என்பது இடையில் நுழைந்த கசிவு: (9 − 6) ÷ (21 − 9) = 25 சதவீதம்.

மிகைக்காற்றின் வரம்புகளை மாற்றி எழுதாதீர்கள். செயின் கிரேட் 15–50, ஸ்ப்ரெடர் (கரியைத் தூவும் ஸ்டோக்கர்) 30–60, அண்டர்ஃபீட் (அடியிலிருந்து கரியை ஏற்றும் ஸ்டோக்கர்) 20–50 சதவீதம்.

ஹைட்ரஜன் இழப்பு (ஹைட்ரஜன் எரிந்து உண்டான நீர் ஆவியாகக் கொண்டுபோகும் வெப்பம், மேலே உள்ள கரியில் 4.22 சதவீதம்) காற்றைக் குறைத்தாலும் மாறாது. "டியூனிங்கால் எந்த இழப்பு குறையாது" என்று கேட்டால் இதுதான் விடை.

எரிபொருள் சேமிப்பில் வகுக்கும் எண் புதிய எஃபிஷியன்சி. 72-இலிருந்து 74.6 என்றால் 2.6 ÷ 74.6 = 3.5 சதவீதம். 72-ஆல் வகுத்தால் 3.6 வரும், வித்தியாசம் சின்னது, விடை தப்பு.