டேப்பட் சத்தம் நின்னுபோச்சு

போன வாரம் ஏற்காடு ஏறும்போது எட்டாவது கொண்டை ஊசில ஒரு பழைய அம்பாசடர் பானெட்ட தொறந்துவச்சு ஆவி பறக்க நின்னுட்டிருந்துச்சு, பார்த்ததும் எங்க சித்தப்பா ஞாபகம் வந்துருச்சு.

அவரு வண்டி 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர், காப்பி எஸ்டேட்டுக்கு வாரம் ரெண்டு தடவ மலையேறும். 2000 பிப்ரவரில நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல நிறுத்துனாங்கல்ல, அன்னையில இருந்து வண்டில எது கெட்டாலும் பெட்ரோலத்தான் திட்டுவாரு, வைப்பர் ஓடலனாகூட.

ஆனா ரெண்டு மூணு வருஷம் ஒண்ணுமே ஆகல. இஞ்சினுக்குள்ள காத்தும் புகையும் போக தொறந்து மூடுற வால்வ தட்டி விடுற பாகம்தான் டேப்பட், நடுவுல விடுற சின்ன கேப்பால டக்டக்குன்னு சத்தம் வரும். அப்புறம் ஒருநாள் "டேப்பட் சத்தமே இல்லடா, இஞ்சின் நல்லா செட் ஆயிருச்சு"ன்னு சந்தோஷமா சொன்னாரு. அடுத்த மாசமே பிக்கப் போச்சு, மிஸ்ஸிங், காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. செவ்வாப்பேட்டை மெக்கானிக் கேப் அளக்குற கேஜ் தகட்ட விட்டுப் பார்த்தா கேப்பே இல்ல. "சத்தம் போனது நல்லதுக்கில்லீங்ணா, வால்வு உள்ள இறங்கிருச்சு"ன்னாரு.

விஷயம் என்னன்னா, 1921ல அமெரிக்காவுல மிட்ஜ்லிங்குற ஆளு நாக்கிங்க, அதாவது பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சு இஞ்சின் தட்டுறத, அடக்கத்தான் பெட்ரோல்ல ஈயத்த கலந்து பார்த்தாரு, ஆனா எரிஞ்ச ஈயம் வால்வு மூடும்போது உக்காருற இடமான வால்வு சீட்டுல படிஞ்சு மெத்த மாதிரி இன்னொரு வேலையும் செஞ்சுட்டிருந்துச்சு. அது இல்லேன்னா புகைய வெளிய விடுற, பழுக்கக் காஞ்ச எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுல உக்காரும்போது துளித்துளியா ஒட்டி, எந்திரிக்கும்போது இரும்ப பிச்சு எடுத்துட்டு வரும், சீட்டு தேயத் தேய வால்வு, இஞ்சினோட மேல்மூடியான ஹெட்டுக்குள்ள போயி டேப்பட் கேப் அடைஞ்சு, கடைசில வால்வு முழுசா மூடாம கருகிரும். அம்பாசடருக்கு வார்ப்பிரும்பு ஹெட்டு, சீட்டயும் அதுலயே வெட்டியிருப்பான். அந்தக் காலத்து பியட் காருக்கு அலுமினிய ஹெட்டுங்குறதால சீட்டு தனியா வேற உலோகத்துல இருக்கும், அவங்க தப்பிச்சாங்க.

பழைய ஈயப் படிவு கொஞ்ச காலம் தாங்குனதாலதான் எங்களுக்கு லேட்டா தெரிஞ்சுது. டவுனுக்குள்ளயே மெதுவா ஓட்டியிருந்தா இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும்னு நினைக்கிறேன், ஆனா 20 கொண்டை ஊசியும் செகண்ட் கியர்ல முழு ஆக்ஸிலரேட்டர்னா வால்வு என்ன பண்ணும்?

ஹெட்ட இறக்கி, லேத்துல சீட்ட கடைஞ்சு, கெட்டியான சீட் ரிங் அடிச்சு மாட்டுனோம். அதுக்கப்புறம் அதே ஈயமில்லாத அன்லெடட் பெட்ரோல்லயே ஓடுச்சு, பிளக்கு முன்ன மாதிரி அடிக்கடி அடைக்கவும் இல்ல. அந்த ஈயப் புகைய நாம, அதுவும் சின்னப் பசங்க, அத்தன வருஷம் சுவாசிச்சத நெனச்சா வேற மாதிரி கோவம் வருது, அல்ஜீரியாவுல 2021 வரைக்கும் வித்திருக்கான்.

சரி, எட்டாவது வளைவுல நிறுத்தி என்னாச்சுங்கன்னு கேட்டேன். "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல்தாங்க"ன்னாரு. ரேடியேட்டர் ஓஸ் பிஞ்சு தண்ணி ரோட்டுல ஓடிட்டிருந்துச்சு.