எட்டு நிமிஷம், ஒரு கார்

போன வாரம் எங்க தெருவுல மூணாவது மாடில கிச்சன் தீப்பிடிச்சுது, 101க்கு போன் போட்டவன் நான்தான், வண்டி தெருமுனைக்கு எட்டே நிமிஷத்துல வந்துடுச்சு, ஆனா முனையிலயே யாரோ குறுக்கால ஒரு காரை விட்டுட்டு போயிருந்தாங்க. அப்புறம் என்ன, ரெண்டு பேர் ஹோஸை தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. ஒருத்தருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், முட்டி போட்டு ரெண்டு ஹோஸையும் இணைக்கிறப்போ கை நடுங்குச்சு, மூச்சு வாங்குது, ஆனா வாயில இருந்து ஒரு திட்டு வரல.

அமெரிக்கால தீ பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ போட்ட 1710னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, ஸ்டேஷன்ல இருந்து கிளம்புன முதல் வண்டி 240 செகண்டுக்குள்ள ஸ்பாட்டுக்கு வரணும்னு டார்கெட். நம்ம சென்னைல அதை யோசிக்கவே முடியல. 2017 மே 31 அன்னிக்கு தி.நகர் உஸ்மான் ரோடுல ஏழு மாடி ஜவுளிக்கடை எரிஞ்சுதே, அன்னிக்கு பட்டதெல்லாம் மறந்தே போச்சு.

இதுல தீ மட்டும்னா பரவால்லங்க. மழைன்னா வீட்டுக்குள்ள பாம்பு, காத்தடிச்சா ரோட்டுல மரம், கிணத்துல மாடு, எல்லாத்துக்கும் அதே ஆளுங்க, அதே வண்டிதான். பாம்பு புடிக்கப் போன வண்டி திரும்புறதுக்குள்ள இன்னொரு வீடு எரிஞ்சா, அடுத்த ஏரியா ஸ்டேஷன்ல இருந்துதான் வரணும். நகரம் இவ்ளோ பெருசாகுது, ஸ்டேஷனும் ஆளும் அதுக்கேத்த மாதிரி கூடணுமா இல்லையா?

அணைச்சு முடிச்சதும் அந்த பெரியவருக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். பாதி குடிச்சாரு, மீதியை மூஞ்சில ஊத்திக்கிட்டாரு, அதுக்குள்ள வாக்கி டாக்கில அடுத்த கால்.