ஸ்கேன் மட்டும் வந்து விழவில்லை

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். எட்டு விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள், மூலையில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் ஓடும் ஒரு பழைய பெட்டி, அதுதான் சர்வர். லினக்ஸ் பெட்டியின் ஃபோல்டர்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து தரும் சாம்பா என்ற மென்பொருள் வழியாக, எல்லாருடைய ஃபைல்களும் அந்தப் பெட்டியில்தான் கிடக்கின்றன. 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. ஜூலை 31 வருமான வரி நெரிசலுக்குள் முடித்துவிடலாம் என்று ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் 20.04-க்கு ஏற்றினேன். என் லேப்டாப்பில் ஷேர், அதாவது பகிர்ந்த ஃபோல்டர், திறந்தது. இன்னும் இரண்டு கம்ப்யூட்டரில் பார்த்தேன், திறந்தது. வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கள்கிழமை பத்தேகாலுக்கு ஆடிட்டர் சார் போன் செய்தார். "தம்பி, ஸ்கேன் பண்ணா ஃபோல்டர்ல வந்து விழ மாட்டேங்குது. நேத்து வந்து என்னமோ பண்ணீங்களாமே?"

ஸ்கேன் செய்வது அலுவலகத்தின் காப்பியர், அது சர்வரைவிட மூத்தது. யார் தயாரித்தது என்பது இங்கே வேண்டாம். ஒரு பட்டனை அழுத்தினால் பேப்பரைப் பிடிஎஃப் ஆக்கி ஷேரில் போட்டுவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் அதுவும் மற்ற கம்ப்யூட்டர்களைப் போல சாம்பாவோடு பேசும் ஒரு கிளையன்ட் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பாஸ்வேர்டுதான் தகராறு என்று நினைத்தேன். காப்பியரின் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி மூன்று முறை மாற்றிப் பார்த்ததில் ஒரு மணி நேரம் போனது. பக்கத்தில் கத்தைக் கத்தையாக ஃபார்ம் 16-ஐ வைத்துக்கொண்டு ஓர் அக்கா நின்றுகொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் புத்தி வந்து சாம்பா தன் பதிவேட்டில் இன்னும் விவரமாக எழுதும்படி லாக் லெவலை 3-க்கு ஏற்றினேன். காப்பியரின் ஐபி வந்து போன இடத்தில் ஒரே வரி: 'நோ புரோட்டோகால் சப்போர்ட்டட்', அதாவது இரண்டுக்கும் பொதுவான பேச்சுமுறை இல்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கே பேச்சு போகவில்லை. ஃபைல் பகிர்வுக்கான பேச்சுமுறை எஸ்எம்பி; காப்பியருக்குத் தெரிந்தது அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டும். 2019 செப்டம்பரில் வந்த சாம்பா 4.11, எஸ்எம்பி1-ஐ இயல்பிலேயே அணைத்துவிட்டது. உபுண்டு 18.04-இல் இருந்தது 4.7, 20.04-இல் வந்தது 4.11-உம் அதற்குப் பிந்தையவையும். விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் எஸ்எம்பி3-இல் பேசுவதால் அவற்றுக்கு எதுவும் தெரியவில்லை.

சாம்பாக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மாற்றத்தை வெளியீட்டுக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். படிக்காதது நான்.

அன்றைக்கு வேலை ஓட வேண்டுமே. எந்தப் பழைய பதிப்பு வரை ஏற்கலாம் என்று சொல்லும் 'சர்வர் மின் புரோட்டோகால்' என்ற வரியில் எஸ்எம்பி1-ஐக் குறிக்கும் 'என்டி1' என்று எழுதி சாம்பாவை மறுபடி தொடங்கினேன். ஸ்கேன் உடனே வந்து விழுந்தது. இந்த வரியை மூன்று நாளில் எடுத்துவிடுகிறேன் என்று சாரிடம் சொன்னேன். மூன்று வாரம் ஆனது.

காப்பியருக்கு ஃபைல் அனுப்பும் இன்னொரு பழைய முறையான எஃப்டிபியும் தெரியும் என்பதை அதன் மெனுவைத் துழாவித்தான் கண்டுபிடித்தேன். எஃப்டிபியும் பத்திரமான சரக்கு இல்லைதான். ஆனால் ஸ்கேன் ஃபோல்டரைத் தவிர வேறெதையும் தொட முடியாத ஒரு யூசர், காப்பியரின் ஐபியிலிருந்து மட்டும் அனுமதி என்று அடைத்துவிட்டால், முழு சர்வரையும் எஸ்எம்பி1-க்குத் திறந்து வைப்பதைவிட மேல். சர்வரில் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி மென்பொருளைப் போட்டேன். ஃபைல் வந்தது, அக்காவால் திறக்க முடியவில்லை. புது ஃபைலில் யாருக்கு என்ன அனுமதி கிடையாது என்று சொல்லும் 'லோக்கல் யூமாஸ்க்' அதில் இயல்பாக 077; ஃபைலைப் போட்ட யூசரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. 022 ஆக்கியதும் சரியானது.

என்டி1 வரியை அழித்தேன். இந்த முறை அக்காவையே ஒரு பேப்பரை வைத்து பட்டனை அழுத்தச் சொல்லி, பிடிஎஃப் அவர் கம்ப்யூட்டரில் திறந்த பிறகுதான் கிளம்பினேன்.