அசகுசாவில் அம்மாவின் வேண்டுதல்

எட்டாம் மாதத்தில் எனக்கு இரத்த அழுத்தம் எகிறி டோக்கியோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்போது வேண்டிக்கொண்டாள்: "தாயும் பிள்ளையும் நல்லபடியா வீடு வந்து சேரட்டும் பிள்ளையாரப்பா, இந்த ஊர்ல நீ எங்க இருந்தாலும் வந்து பார்க்கிறேன்." இங்கே அவருக்குச் சன்னதி உண்டா என்றே அவளுக்குத் தெரியாது.

இருந்தது. டோக்கியோவிலேயே அசகுசா பகுதியில், சுமிதா ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேட்டின்மேல், மாட்சுச்சியாமா ஷோதென் என்ற கோயில். நம் விநாயகர்தான் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே காங்கிதென் ஆனார். பினாயகா என்றும் பெயர் உண்டு.

மூன்று மாதக் குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் தப்பு. வழியில் இருக்கும் சென்சோஜி என்ற பெரிய பௌத்தக் கோயிலின் காமினாரிமோன் வாசலில் நகர இடமில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் வழிமறித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைத்தெருவில் இடிபட்டு வெளியே வருவதற்குள் அம்மாவின் முழங்கால் விண்விண் என்று வலிக்க ஆரம்பித்துவிட்டது. சென்சோஜியைத் தாண்டி ஆற்றுப்பக்கமாக நடந்தால் கூட்டமே இல்லை. மேலே ஏற முடியாதவர்களுக்கென்று ஒரு குட்டி ரயில் பெட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா அதிலும் "அவர் அனுப்பின வண்டி" என்றுதான் ஏறினாள்.

இங்கே தேங்காய் இல்லை, அறுகம்புல் இல்லை. முள்ளங்கிதான் படையல். கோயிலிலேயே விற்கிறார்கள். முள்ளங்கி நம் கோபம் என்னும் நஞ்சைக் குறிக்கிறதாம், அதைக் கொண்டுபோய் அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். அம்மா தடியாக ஒன்றை வாங்கி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

உள்ளே போய் நின்றோம். "எங்கேடி பிள்ளையார்?"

மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை. அதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்து முகம் பார்க்க முடியாதா என்று அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து குருக்கள் ஓத ஆரம்பித்தார். "ஓன் கிரிகு க்யாகு உன் சோவாகா." அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஸ்வாஹாங்கிறாரே! அவன்தான்டி, உள்ள அவனேதான்!"

அப்புறம் அவளை யார் பிடிக்க முடியும்? நெற்றியில் குட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு தோப்புக்கரணம் போட்டாள். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி ஒருவர் ஒதுங்கி இடம் விட்டு, கைகூப்பி நின்றார். என் நெஞ்சோடு கட்டியிருந்த குழந்தை ஒரு சத்தம் போடாமல் தூங்கியது. ஆஸ்பத்திரி இரவுகள் எல்லாம் நினைவுக்கு வந்து, எனக்கு வேண்டிக்கொள்ள எதுவுமே தோன்றவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படைத்த முள்ளங்கிகளைப் பிரசாதமாகத் திருப்பித் தருகிறார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு முள்ளங்கி குளிர்ச்சி என்று மூன்று மாதமாக எனக்குக் கண்ணில் காட்டாத அம்மா, அன்று ராத்திரி பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு அதைச் சாம்பார் வைத்தாள்.

"அவன் குடுத்தது. ஒண்ணும் செய்யாது, சாப்பிடு."